மேல்வீட்டுச் சத்தம்

மூன்று வருடம் ஓர் ஊரில் குடியிருந்துவிட்டு, "இந்த ஊர்க்காரங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டால் சட்டென்று பதில் வரவேண்டும் அல்லவா? அவளுக்கு வரவில்லை. குடியேற்ற அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா பொறுமைசாலி. அவளுக்கு அந்த ஊர் மொழி அரைகுறை என்று தெரிந்ததும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"இந்த ஊர்லயே பிறந்தவங்களா இருக்கணும். உறவா இருக்கக் கூடாது. உங்க தெருவிலயே குடியிருக்கணும். 'ஆமா, இந்தம்மா இங்கதான் இருக்காங்க, எனக்குத் தெரியும்'னு அவங்க சொல்லணும். ஒரே ஒருத்தர் போதும். பேரும் கதவு நம்பரும் குடுங்க. எங்க அதிகாரி ஒரு நாள் நேர்ல போய் விசாரிப்பாங்க."

"எப்போ வருவாங்க?"

"சொல்லிட்டு வந்தா அது விசாரணையா?" என்று சிரித்தார் அவர்.

அவளுடைய கணவனுக்கும் அவன் தங்கைக்கும் வேலை மூலமாக எப்போதோ நிரந்தர அனுமதி கிடைத்துவிட்டது. அவள் பின்னால் வந்தவள். மனைவி என்ற தகுதியில் கொடுத்த தற்காலிக அனுமதியை இனிமேல் நீட்டிக்க மாட்டார்களாம். கிடைத்தால் நிரந்தரம், கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதுவும் அவள் ஒருத்தி மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் யோசித்துப் பார்த்தால், அட, உண்மையிலேயே ஒருவரையும் தெரியவில்லை! அவள் வேலை பார்த்தது விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் சலவை நிலையத்தில். கூட நிற்பவர்கள் எல்லோரும் அவளைப் போலவே எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள். மேற்பார்வையாளர் ஒருவர்தான் ஊர்க்காரர், குடியிருப்பதும் அவள் தெருவில்தான். பேச்சு, நடை, மிதப்பு எல்லாம் அப்படி. மறுநாள் அவரிடம் போய் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நானா? நான் கப்பல்ல வந்தவன்ம்மா. எனக்கே இப்படி ஒருத்தரைப் பிடிக்க நாக்குத் தள்ளிப் போச்சு."

அடுத்தது தெருமுனை மருந்துக்கடைக்காரி. அவள் இந்த ஊரில் பிறந்தவள்தான், மனசும் தங்கம். ஆனால் குடியிருப்பது வேறு ஊரில், தினமும் ரயிலில் வந்து போகிறாள். "இந்தத் தெருல எனக்கு ஒரு கதவு நம்பர் இருந்தா உடனே குடுத்திருப்பேனே" என்று வருத்தப்பட்டாள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் பல்பொருள் அங்காடியில் வேலையை முடித்துவிட்டு வந்து, சோபாவில் பொத்தென்று விழுந்தாள். கல்லாவில் நின்று நின்று அவளுக்கு ஊர் மொழியும் ஊர் நக்கலும் நன்றாகவே வந்திருந்தன.

"ஏன் அண்ணி ஊரெல்லாம் அலையிறீங்க? நம்ம காலடியிலயே ஒருத்தர் இருக்காரே."

"யாரு?"

நாத்தனார் உதட்டில் விரலை வைத்து, "உஷ்ஷ்ஷ்" என்றாள்.

அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, அவரா! அதுக்கு நான் இப்பவே பெட்டியக் கட்டிடுவேன்."

கீழ்வீட்டுப் பெரியவருக்கு இந்த வீட்டில் வைத்த பெயர் உஷ். ரயில்வேயில் சிக்னல் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். கணவனோ நாத்தனாரோ படியில் கொஞ்சம் பேசிக்கொண்டு போனால் போதும், அவர் வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறக்கும், உள்ளேயிருந்து ஒரு "உஷ்!" வரும், கதவு மூடும். மேல்வீட்டுச் சத்தம் தாங்க முடியவில்லை என்று கட்டட நிர்வாகியிடம் ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவள் அவர் முகத்தில் விழித்ததே கிடையாது. அந்தக் கதவைக் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று ஏறிவிடுவாள்.

சும்மா சொல்லக் கூடாது, புகாரில் நியாயம் இருந்தது. விடிந்ததும் குக்கர் விசில் அடிக்கும். முக்காலியைத் தூக்கிப் போடத் தெரியாமல் தரையில் இழுப்பார்கள், அது கீச்சென்று அலறும். எல்லாவற்றுக்கும் மேலே ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி. மாமியாருக்குக் காது மந்தம். "அம்மா, சாப்பிட்டியா? சாப்பிட்டியான்னு கேக்குறேன்!" என்று கணவன் நரம்பு புடைக்கக் கத்துவான். இவள் பக்கத்தில் நின்று, "அத்தை, மாத்திரை போட்டீங்களா? மாத்திரை!" என்று அதற்கு மேல் கத்துவாள். பாசத்தைக் கத்தித்தான் அனுப்ப வேண்டியிருந்தது, என்ன செய்வது?

"வேற வழியில்ல" என்றான் கணவன், சாப்பிட்டுக்கொண்டே. "அவர் பேர்தான் கதவுல பலகையில எழுதியிருக்கே, அதைக் குடுத்துடு. அவங்க விசாரிக்க வர்றதுக்குள்ள ஆற அமரப் போய்க் கேட்டுக்கலாம். அரசாங்கக் காரியம், நாளைக்கேவா வந்துடப் போறாங்க?"

"கேக்காமக் குடுக்கிறது தப்பில்லையா?"

"பார்த்துக்கலாம்மா."

இந்தப் 'பார்த்துக்கலாம்' இருக்கிறதே, அதை நம்பி நாசமாய்ப் போன குடும்பங்களைக் கணக்கெடுத்தால் ஓர் ஊர் தேறும். அவளும் நம்பினாள். குமாஸ்தாவிடம் போய் உஷ்ஷின் பெயரையும் கதவு எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

கேட்பதற்கு முன்னால் மனிதரைக் குளிர வைக்க வேண்டும் என்பது நாத்தனாரின் யோசனை. "ஒரு பத்து நாள் பூனை மாதிரி இருப்போம் அண்ணி. 'அடடா, எவ்வளவு நல்லவங்க, இவங்களைப் போய்த் தப்பா நினைச்சோமே'ன்னு அவரே உருகிடுவாரு. அப்போ போய்க் கேளுங்க, மறுக்கவே மாட்டாரு."

அன்றே அமலுக்கு வந்தது அமைதி. குக்கர் பரணுக்கு ஏறியது. சோறு பானையில் வெந்தது, ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் வேகாமல் விதையாய் நின்றது. முக்காலியின் கால்களுக்குப் பழைய துணியைச் சுற்றினார்கள். மூன்று பேரும் தடிமனான காலுறை மாட்டிக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் ஆட்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். நாத்தனாருக்குத் தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்மினாள். அவளோ கட்டடத்து வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, திருடி மாதிரி படியேறினாள். வாடகையும் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு பிழைப்பு!

கணவன் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனான். தெரு இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று மாமியார் கோபித்துக்கொண்டதால் வாரநாட்களிலும் போக வேண்டியதாயிற்று. ஒரு நாள் வெகுநேரம் கழித்து, முகம் வெளிறித் திரும்பி வந்தான்.

"அந்த உஷ் அங்க வந்தாரும்மா" என்றான், கிசுகிசுவென்று. வீட்டுக்குள் பேச்சே கிசுகிசுப்பாகத்தான் இருந்தது. "கோட்டு மாட்டிக்கிட்டு, மூச்சு வாங்க வந்து நின்னாரு. என்னையே முறைச்சாரு. அடிக்கத்தான் போறாருன்னு நினைச்சேன். ஒரு பஸ் வந்துச்சு, எந்த பஸ்னுகூடப் பார்க்காம ஏறிட்டேன். எங்கயோ கொண்டு போய் விட்டுட்டான்."

"தெருவுல கத்தினாலும் அவருக்குப் பிடிக்கல போலிருக்கு" என்றாள் நாத்தனார்.

அவளுக்கு இன்னும் பயம் பிடித்துக்கொண்டது. இன்றைக்குக் கேட்கலாம் என்று கிளம்புவாள், அந்தக் கதவைப் பார்த்ததும் நாளைக்குக் கேட்கலாம் என்று மேலே ஏறிவிடுவாள். நாளை என்பதுதான் தீராத சரக்காயிற்றே.

அப்படி ஒரு பிற்பகல். கணவனும் நாத்தனாரும் வேலையில். அவள் சீக்கிரமே வேலை முடிந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். உஷ் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஓர் இளம்பெண், கழுத்தில் அரசு அடையாள அட்டை, மடியில் கோப்பு. எதிரே நாற்காலியில் தடித்த கண்ணாடியோடு பெரியவர். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். சொன்னபடி சொல்லாமல் வந்துவிட்டார்கள்!

"அந்தம்மா போயிட்டாங்க" என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் மொழிதான், ஆனால் அவளுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. "பத்து நாளா மேல ஒரு சத்தம் கிடையாது. நானும் காதைத் தீட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்கேன். இல்ல."

"கணவர் மட்டும் இருக்காரா?"

"அவனும் இங்க இருக்கிறதாத் தெரியல. பஸ் ஸ்டாப்புல நின்னு போன்ல கத்திக்கிட்டிருந்தான். அந்தம்மாகிட்டதான் கத்தியிருப்பான். ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேருக்கும் சண்டை, வீடே கிடுகிடுக்கும். எத்தனை நாள்தான் ஒரு பொம்பளை பொறுத்துக்குவா? கிளம்பிட்டாங்க பாவம்."

அதிகாரி குறிப்பெடுத்துக்கொண்டாள். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழவில்லை என்று ஆகிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

"நான் போகல!" என்று உள்ளே ஓடினாள். "நான்தான் அது! மேல்வீட்டு அம்மா நான்தான்!"

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்து, செருப்பும் கையுமாக நின்றவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பினார்.

"இவங்களை நான் பார்த்ததே இல்ல."

பொய் சொல்லவில்லை அவர். பார்த்ததே இல்லைதான். முகத்தைக் காட்டாமல் ஓடி ஓடி ஒளிந்தவள் யார்? அதிகாரியின் பார்வை அவளிடம் வந்து நின்றது. அதில் கோபம் இல்லை, சந்தேகம் இருந்தது.

"உங்களைத் தெரியும்னு இவர் பேரைக் குடுத்திருக்கீங்க. அவர் தெரியாதுன்னு சொல்றாரு."

அடையாள அட்டையைக் காட்டலாம், கல்யாணப் புகைப்படத்தைக் காட்டலாம். ஆனால் இவர் 'தெரியும்' என்று சொல்லாமல் அவற்றால் என்ன பயன்? அவளுக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் பெரியவர் சொன்ன ஒன்று உறைத்தது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றாரே!

"ரெண்டு பேரும் இங்கயே இருங்க. போயிடாதீங்க. கொஞ்ச நேரம். ப்ளீஸ்" என்றாள். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு தடதடவென்று மேலே ஓடினாள்.

கதவைத் திறந்து உள்ளே போய், கூடத்தில் டம் டம் என்று மிதித்து நடந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. நடுவில் நின்றுவிட்டாள். இது யார் நடை? அவள் நடை இது இல்லையே. சரி, அவள் நடைதான் எது? இத்தனை வருடமாக இந்தக் காலை வைத்துக்கொண்டு நடக்கிறாள், எப்படி நடப்போம் என்று ஒரு நாளாவது கவனித்திருக்கிறாளா? இயல்பாக நடக்க முயன்றாள். முயன்றதுமே காலும் கையும் பின்னிக்கொண்டன. அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

நாசமாய்ப் போகட்டும் என்று சமையலறைக்குப் போனாள். காலையிலிருந்து நின்ற கால் கடுத்தது, பசி வேறு. பரணிலிருந்து குக்கரை இறக்கி, அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றினாள். துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அது ஆசை தீர அலறியது. கணவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"என்னங்க! எங்க இருக்கீங்க? அவங்க வந்தாச்சு! ஆமா, கீழதான்! உங்க பேச்சைக் கேட்டு நான் நடுத்தெருவுல நிக்கிறேன்! பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்னு நல்லா பார்த்தீங்க! வேலைய அப்படியே விட்டுட்டு ஓடி வாங்க!"

கத்தக் கத்த மூச்சு சீரானது. எழுந்து அடுப்பைக் குறைத்தாள், தண்ணீர் குடித்தாள், சன்னலைத் திறந்தாள். குக்கர் ஒரு விசில் அடித்தது. அந்தச் சத்தத்தை நேசிக்க முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை.

படியில் மூச்சிரைப்பு கேட்டது. வாசலில் பெரியவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார், பின்னால் அதிகாரி.

"இவங்கதான்" என்றார், மூச்சுக்கு நடுவில். "முதல்ல யாரோ குதிச்சாங்க, இவங்க இல்லன்னு சொன்னேன் இல்லையா? அப்புறம் சமையல்கட்டுக்குப் போனாங்க பாருங்க, அந்த நடைதான். குதிகால் முதல்ல விழும், வலது கால் கொஞ்சம் இழுக்கும். இவங்கதான். சந்தேகமே இல்ல."

"இப்போ சண்டை போட்டீங்களே, கணவரோடயா?" என்று கேட்டாள் அதிகாரி.

"இப்போ போட்டதுதான் சண்டை" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஞாயித்துக்கிழமை போடுறது சண்டை இல்லங்க. அவரோட அம்மாவுக்குக் காது கேக்காது."

அரைகுறை மொழியில், கையையும் காலையும் ஆட்டி எல்லாவற்றையும் சொன்னாள். பேருந்து நிறுத்தத்தில் கத்தியதும் மாமியாரிடம்தான் என்றாள். அவருக்குப் பிடிக்க வேண்டும் என்றுதான் பத்து நாளாகச் சத்தமில்லாமல் இருந்தோம் என்றாள். அதிகாரி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெரியவர் சிரிக்கவில்லை.

"எனக்காகவா?" என்றார். "பத்து நாளா நான் தூங்கல, தெரியுமா? மேல யாருமே இல்லாத வீட்டுக்குக் கீழ படுத்துப் பாருங்க. அந்தாளு கழுத்தைப் பிடிச்சு, 'அவங்களை எங்கடா அனுப்பின?'ன்னு கேக்கத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். ஓடிட்டான்."

"சரி, ஒரு கேள்விதான் பாக்கி" என்று அதிகாரி கோப்பைத் திறந்தாள். "இவங்க தொடர்ந்து இங்க குடியிருக்கிறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"உண்டு" என்றார் பெரியவர். "அந்த விசில். அந்த முக்காலி. அப்புறம் அந்த போன்."

அவளுக்கு உயிர் போய்விட்டது. அதிகாரி பேனாவை நிறுத்தினாள்.

"அப்போ இவங்க இங்க இருக்க வேணாம்னு எழுதிக்கவா?"

"இருக்க வேணாம்னு எவன் சொன்னான்?" பெரியவர் சீறினார். "சத்தத்தைப் பத்தி நான் கட்டட நிர்வாகிகிட்ட எழுதிக்கிறேன், அது எங்க விஷயம். ஆளை அனுப்பறதுக்கு நீங்க யாரு? இல்லன்னு எழுதும்மா. ஆட்சேபணை இல்ல. பெருசா எழுது."

அதிகாரி எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். "என் பக்கத்துல இனி தடை ஒண்ணும் இல்ல. அனுமதி தபால்ல வரும்" என்று அவளிடம் சொல்லிக் கைகுலுக்கிவிட்டு அதிகாரி இறங்கிப் போனாள். போகிற வழியில் படியில் அவள் வாய்விட்டுச் சிரித்தது மேலே வரை கேட்டது.

பெரியவர் மட்டும் போகாமல் நின்றார். உள்ளே வரச் சொன்னதற்குத் தலையாட்டி மறுத்தார். ஏதோ கேட்க வேண்டும், கேட்கலாமா என்று தெரியவில்லை அவருக்கு. மூன்று வருடமாக மூளையைக் குடைந்த சந்தேகம் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. தினம் வேலையிலேர்ந்து வர்றீங்க. சாவி திரும்புற சத்தம் கேக்கும், கதவு திறக்கும். ஆனா உடனே உள்ள வரமாட்டீங்க. அங்கயே நிப்பீங்க. ரொம்ப நேரம். அப்புறம்தான் காலடி கேக்கும். உங்க வீட்டுக்காரர் நிக்கிறதில்ல, அந்தப் பொண்ணு நிக்கிறதில்ல. நீங்க மட்டும்தான். ஏன்?"

அவள் திகைத்துப் போனாள். கணவனுக்குத் தெரியாது அது. நாத்தனாருக்குத் தெரியாது. யாரிடமும் ஒரு நாளும் சொன்னதில்லை.

"தபால்காரர் கதவு இடுக்கு வழியா உள்ள தள்ளிட்டுப் போவாரு" என்றாள். "கிளம்பிப் போன்னு இன்னைக்குக் கடிதாசி வந்து கிடக்குமோன்னு பயம். தரையைப் பார்க்கத் தைரியம் வர்ற வரைக்கும் நிப்பேன்."

பெரியவர் வாசல் தரையை ஒரு தடவை பார்த்தார். அங்கே கால் மிதியடியைத் தவிர ஒன்றும் இல்லை.

"இனிமே நிக்காதீங்க" என்றார். "நேரா உள்ள போங்க."

சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே அவர் கதவு சாத்துகிற வரைக்கும் அவள் பொறுத்திருந்தாள். அப்புறம் வாசற்படியிலேயே உட்கார்ந்து, மூன்று வருடத்துக்கும் சேர்த்து, சத்தம் போட்டு அழுதாள்.